ஆச்சி மடியும் அரை மீட்டர் கணக்கும்

மார்ச் மாத ஆணிகளையெல்லாம் ஒருவழியாகப் பிடுங்கி முடித்தாயிற்று. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. எழுதினால் அம்மாவைக் குற்றம் சொல்வது போல ஆகிவிடுமோ என்ற பயமும்தான். தங்கமணிதான், "அத்தையே தைரியமா எழுதச் சொல்றாங்க, உங்களுக்கென்ன" என்று முடித்து வைத்தாள்.

டிஸ்கி: நான் இஞ்சினியர் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்கில் சேர்ந்து, மாற்றல் ஆணை கையெழுத்துப் போட்ட இடமெல்லாம் போய், 2019 முதல் நாக்பூரில் குப்பை கொட்டுபவன். கணக்கு வரும் இடத்தில் மட்டும் என்னை நம்பலாம்.

நாக்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தெரியும். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் வாசலில் ஏறும் 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை எல்லாம் தாண்டி நேராகக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். 2023 மே மாதம் அப்படித்தான் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அம்மா, அம்மா மடியில் சின்னவள். பின்னால் தங்கமணியும் பெரியவனும் முறுக்கு டப்பாவும். சின்னவளுக்கு அப்போது ஒன்றரை வயது, சரியாக 10 கிலோ.

ஹிங்கன்காட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓர் எருமை நடு ரோட்டை நடந்து கடக்கத் தீர்மானித்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி எதிலும் மோதவில்லை. எருமைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா கண் அசந்திருந்தாள். மடியிலிருந்த குழந்தை வழுக்கிப் போய் டாஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டது. இடது புருவத்துக்கு மேல் நாலு தையல். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போடும்போது நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் பெங்களூர் வரைக்கும் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மடியைவிடப் பத்திரமான இடம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். கொசுவத்தி சுற்றிப் பார்த்தால், 1980களில் மாமாவின் அம்பாசடரில் பதினோரு பேர் திருச்செந்தூர் போன காட்சிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. முன் சீட்டில் நாலு பேர், ஒவ்வொரு மடியிலும் ஒரு உருப்படி. அதில் ஒரு உருப்படி நான். பெரியவன் பிறந்தபோது எங்களிடம் கார் இல்லை. ஸ்கூட்டரில் என் முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அவன் யூ.கே.ஜி. முடித்தான். ஆக, மடியையும் முழங்காலையும் தாண்டி யோசிக்கவேண்டிய அவசியம் எனக்கு அந்த எருமை வரும் வரை வரவில்லை.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று. நான் கார் லோன் பார்க்கிறவன். என் மேஜைக்கு வரும் கொட்டேஷனில் சீட் கவர், ஃப்ளோர் மேட், சன் ஃபிலிம், பெரிய அலாய் வீல், டாஷ்போர்டில் வைக்கும் பிள்ளையார் வரைக்கும் பார்த்திருக்கிறேன். குழந்தை சீட் என்று ஒரு வரியை ஒரு கொட்டேஷனிலும் பார்த்ததில்லை. இல்லையே என்று கேட்டதும் இல்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். முதலில் எந்த சீட் வாங்கலாம் என்றுதான் தேடினேன். அது எப்படியோ இந்த சீட் எங்கிருந்து வந்தது என்ற கதைக்குள் இழுத்துப்போய்விட்டது.

கார் வந்த காலத்திலேயே குழந்தை சீட்டும் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். வந்தது உண்மைதான், ஆனால் வேறு காரணத்துக்காக. 1930களில் அமெரிக்காவில் பன்னி பேர் என்ற கம்பெனி விற்ற சீட்டின் வேலை, குழந்தையைக் கொஞ்சம் உயரமாக உட்கார வைப்பது. குழந்தைக்கு ஜன்னலில் வேடிக்கை தெரியும், ஓட்டும் அப்பா அம்மாவுக்குக் குழந்தை தெரியும், அது சீட்டில் உருண்டு விளையாடாது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவை முன் சீட்டின் முதுகில் கொக்கி போட்டு மாட்டும் இரும்புக் கம்பி நாற்காலிகள். சிலவற்றில் குழந்தை திருகி விளையாட ஒரு பொம்மை ஸ்டியரிங் வேறு. மோதினால் என்ன ஆகும் என்று செய்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. மோதினால் அந்தக் கொக்கி கழன்று நாற்காலியும் குழந்தையும் சேர்ந்து பறக்கும், ஸ்டியரிங் பொம்மை முகத்துக்கு நேராக இருக்கும். ஏறக்குறைய முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

1959இல் வால்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு அது வரம். குழந்தைக்குப் பிரயோஜனம் இல்லை. தோளில் போகவேண்டிய பட்டை கழுத்தில் போகும், இடுப்பு எலும்பில் உட்காரவேண்டியது வயிற்றில் ஏறும்.

1962இல் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், குழந்தையைக் காப்பாற்றுவதற்கென்றே சீட் வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்து லெனார்ட் ரிவ்கின் இரும்புச் சட்டத்துக்குள் குழந்தையை முன்னோக்கி உட்கார வைத்தார். பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ் பின்னோக்கி உட்கார வைத்து ஒய் வடிவப் பட்டை போட்டார்.

அடுத்தது ஸ்வீடன். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர். 1960களின் முதல் பாதியில் அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்டம் பற்றிய நிகழ்ச்சியை டி.வி.யில் பார்க்கிறார். ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் பயங்கர அழுத்தத்தை வீரர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? முதுகுக்கு ஏற்ற மாதிரி செய்த படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார்கள். விசை முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது, ஒரே இடத்தில் அறையவில்லை. அவர் யோசித்தார். கார் மோதலில் பெரும்பாலும் விசை முன்பக்கம் நோக்கி இழுக்கிறது. குழந்தையைத் திருப்பி, பின்னால் பார்க்க உட்கார வைத்துவிட்டால், சீட்டின் முதுகே அந்த விண்வெளிப் படுக்கை ஆகிவிடாதா?

இது சும்மா புத்திசாலித்தனம் இல்லை. கைக்குழந்தையின் உடம்பைப் பாருங்கள். தலை மட்டும் மொத்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு. கழுத்தெலும்பு இன்னும் முழுக்க எலும்பாகக்கூட ஆகியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையை மார்பில் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையை யார் பிடிப்பது? அது போன வேகத்திலேயே முன்னால் போகும், கழுத்து மட்டும் அதை இழுத்துப் பிடிக்கவேண்டும். நம் வீட்டில் பச்சைக் குழந்தையைத் தூக்கத் தெரியாதவர்களிடம் கிழவிகள் முதலில் சொல்வது என்ன? "தலையைத் தாங்கிப் பிடி." ஆல்ட்மன் சொன்னதும் அதுவேதான், என்ன, அவர் ஒரு சீட் செய்து சொன்னார்.

1964இல் ஒரு வால்வோ காரில் அந்த மாதிரி சீட்டை வைத்து சோதித்தார்கள். 1972இல் வால்வோ கடைக்கே கொண்டுவந்தது. 1978இல் கொஞ்சம் பெரிய குழந்தைகளை உயர்த்தி வைத்து, பெரியவர் பெல்ட்டே அவர்களுக்கும் சரியாக உட்காரும்படி செய்யும் பூஸ்டர் மெத்தையும் வந்தது. ஸ்வீடன்காரர்கள் நாலு வயது வரை பிள்ளைகளைப் பின்னோக்கி உட்கார வைப்பதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கால் இடிக்காதா என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். இடிக்கும், மடக்கி உட்கார்ந்துகொள்ளும். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடும் நாம் இதற்குப் போய்க் கவலைப்படலாமா :-)

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1971இல் அரசாங்கம் குழந்தை சீட்டுக்கு முதல் தர விதியைப் போட்டது. பட்டை இருக்கவேண்டும், காரின் பெல்ட்டில் கட்டப்படவேண்டும் என்றெல்லாம் சொன்ன அந்த விதி, மோதவிட்டுச் சோதிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை! அடுத்த வருஷமே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சீட்டுகளை வாங்கி மோதவிட்டுப் பார்த்து, கடையில் விற்பதில் பல உதவாது என்று எழுதியது. மோதல் சோதனை கட்டாயமானது 1981இல்தான். நம் ஊரில் ஆடிட் நடப்பது ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதில் எழுதியிருப்பது சரியா என்று பார்க்கமாட்டார்கள்.

நல்ல சீட் வந்தால் போதுமா, வாங்கவேண்டுமே. டென்னஸி மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊரில் டாக்டர் ராபர்ட் சாண்டர்ஸ் என்று ஒரு குழந்தை வைத்தியர், மாவட்ட சுகாதார அதிகாரியும் அவர்தான். தடுப்பூசி போட்டுக் காப்பாற்றும் பிள்ளைகளைக் கார் விபத்துகளில் பறிகொடுப்பதைப் பார்த்து நொந்துபோய், சீட்டைச் சட்டமாக்கவேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து சட்டசபை உறுப்பினர்களைத் துரத்தினார். 1976இல் தோற்றார். 1977இல் ஜெயித்தார். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கார் சீட் கட்டாயம் என்று உலகமே திரும்பிப் பார்த்த சட்டம் 1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெரியவர் ஒருவர் கையில் குழந்தையை ஏந்தியிருந்தால் சீட் வேண்டாம் என்று ஒரு திருத்தத்தைச் செருகிவிட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள். எந்த அரசியல்வாதிதான் தாய் மடிக்கு எதிராகக் கை தூக்குவார்? பிரதிநிதிகள் அதற்கு வைத்த பெயர் "கைக்குழந்தை" திருத்தம். சாண்டர்ஸ் வைத்த பெயர் "குழந்தை நசுக்கி" திருத்தம்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நசுக்கி? மடியா?

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.காம்.காரனுக்கும் வரும் கணக்குதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி, முன்பக்கம் நசுங்கி, ஏறக்குறைய அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்த அரை மீட்டரில் உள்ளே இருக்கும் எல்லாம் தங்கள் எடையைப்போல சுமார் 12.6 மடங்கு கனக்கும். 10 கிலோ சின்னவள் 126 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தை யாரோ மடியிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள், அம்மா அதைக் கையால் பிடித்து நிறுத்தவேண்டும். வேகம் 60 ஆனால் ஒன்றரை மடங்குதானே என்று நினைக்காதீர்கள், இது கூட்டு வட்டி மாதிரி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கவேண்டும். 283 கிலோ. வேறு விதமாகச் சொன்னால், 40இல் மோதுவது என்பது இரண்டாவது மாடியிலிருந்து கீழே விழுவது. 60இல் நாலு மாடிக்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா பெல்ட் போடவில்லை. அவள் 60 கிலோ. மோதியிருந்தால் அவளும் முன்னால் போயிருப்பாள், டாஷ்போர்டுக்கும் அவளுக்கும் நடுவில் குழந்தை. சாண்டர்ஸ் சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்.

தாயின் பிடி எவ்வளவு என்று யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினேன். அளந்திருந்தார்கள். 1979இல் ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்த கட்டுரை. ஆண்கள், பெண்கள் இரு சாராரையும் வைத்து, மடியில் இருக்கும் குழந்தையை எவ்வளவு விசை வரைக்கும் பிடித்துக்கொள்ள முடியும் என்று சோதித்திருந்தார்கள். முடிவு நம் பேப்பர் கணக்குதான். பெல்ட் போட்ட பெரியவர்களானாலும் பலமான மோதலில் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரன்ஸ் ஷ்னைடர். இன்னொருவர் பெயர் தினேஷ் மோகன்.

ஆமாம், நம்ம ஊர்க்காரர். ஐ.ஐ.டி. பம்பாயில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பிறகு திரும்பி வந்து டெல்லி ஐ.ஐ.டி.யில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு தலைமுறையை உருவாக்கினார். இந்தியாவில் சாலையில் சாகிறவர்கள் பெரும்பாலும் கார்க்காரர்கள் இல்லை, நடக்கிறவர்கள், சைக்கிள்காரர்கள், இரண்டு சக்கரக்காரர்கள் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். 2021 மே மாதம் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அந்த மாதம் எங்கள் கிளையிலும் மரணச் சான்றிதழோடு வந்த க்ளெய்ம்களைப் பார்த்து நாங்கள் மரத்துப்போயிருந்த சமயம், அவர் போன செய்தி என் கண்ணிலேயே படவில்லை.

டென்னஸிக்காரர்கள் 1981இல் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். 1985க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் குழந்தை சீட் சட்டம் வந்துவிட்டது. வாங்க வசதி இல்லாதவர்களுக்கு சீட்டைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் அங்கே பல ஊர்களில் நடந்தன. வட்டியில்லாக் கடன். எங்கள் தலைமை அலுவலகத்துக்கு யாராவது சொல்லுங்களேன்.

1990களில் இன்னொரு கொடுமை. பெரியவர்களைக் காப்பாற்ற வந்த ஏர்பேக், முன் சீட்டில் இருந்த குழந்தைகளைக் கொன்றது. சின்ன மோதல்தான், பெரியவர்கள் எழுந்து நடந்து போயிருப்பார்கள். ஆனால் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் அந்தப் பை, பின்னோக்கி வைத்த குழந்தை சீட்டின் முதுகில் அறையும், அல்லது பட்டை போடாத பிள்ளையின் முகத்தில் அறையும். அப்போதுதான் பிள்ளைகளைப் பின் சீட்டுக்கு மாற்றுங்கள் என்ற பிரசாரம் வந்தது. உங்கள் காரில் முன் சீட்டு சன் வைசரைக் கீழே இறக்கிப் பாருங்கள், குழந்தை படம் போட்டு மேலே சிவப்புக் கோடு அடித்த ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நானும் நாலு வருஷமாக அந்த வைசரில் பார்க்கிங் ரசீது செருகிக்கொண்டிருந்தேன். இந்தியாவில் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பது 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்குத் தொடங்கி, அந்த வருஷக் கடைசியில் எல்லா மாடல்களுக்கும் வந்தது. முன்னால் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் நம் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஹிங்கன்காட்டில் நான் அந்த எருமையை இடித்திருந்தால்? இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நம் சட்டத்துக்கு வருவோம். முன் சீட் பெல்ட் 1994இல் வந்தது. குழந்தைகளைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் தனியாகப் பேசியது 2019 திருத்தத்தில், 194பி பிரிவு. 14 வயது நிரம்பாத பிள்ளை சீட் பெல்ட்டாலோ அல்லது குழந்தைக்கான தடுப்பு அமைப்பாலோ பாதுகாக்கப்படாவிட்டால், ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். இருபது வருஷம் கடன் பத்திரம் படித்த கண்ணுக்கு இதில் முதலில் படுவது அந்த "அல்லது". ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட்டைப் போட்டுவிட்டு சட்டப்படி நடந்தேன் என்று ஒருவர் வாதாடலாம். டென்னஸிக்காரர்கள் மடியில் விட்ட ஓட்டையை நாம் ஒரு சொல்லில் விட்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். நாக்பூரில் ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறார்கள். குழந்தை சீட்டுக்கு யாரையும் நிறுத்தி நான் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. 2022 பிப்ரவரியில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு ஒரு விதி வந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், ஹெல்மெட் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அமல். (பெரியவன் இதைப் படித்துவிட்டு "அப்பா, நான் நின்னுட்டே போனேனே" என்று ஒரு பார்வை பார்த்தான்.) 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் வந்திருக்கிறது. ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளைக் குழந்தை சீட்டில் வைத்து மோதவிட்டுக் காருக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஆக, நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த ஐந்து நட்சத்திரக் குழந்தைப் பாதுகாப்பு, சீட்டில் இருந்த பொம்மைக்குக் கிடைத்தது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு அது செல்லாது.

என்ன வாங்கினோம் என்று கேட்பீர்கள். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, கமிஷன் வாங்கினேன் என்பீர்கள். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையும் உயரமும்தான் கணக்கு. பெட்டியில் இல்லை, சீட்டிலேயே ஆரஞ்சு நிற ஐரோப்பிய முத்திரை ஒட்டியிருக்கும். ஆர்44/04 அல்லது அதற்குப் பின் 2013இல் வந்த ஆர்129 என்று போட்டிருக்கும். இந்தியத் தரம் ஏ.ஐ.எஸ். 072. இது எதுவுமே இல்லாமல் ஆன்லைனில் வெறும் துணிப் பையும் இரண்டு பட்டையுமாக "கார் சீட்" என்று மலிவாக விற்கிறார்கள். அதை வாங்குவதற்குப் பதில் அந்தக் காசில் பால்கோவா வாங்கலாம். யாரோ தெரியாதவர் பயன்படுத்திய சீட்டும் வேண்டாம், ஒரு விபத்தைப் பார்த்த சீட்டுக்குள் கீறல் இருந்தால் வெளியே தெரியாது.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவிலேயே 1990களில் சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலான சீட்டுகள் தப்பாகத்தான் பொருத்தியிருந்தன. அதனால்தான் பெல்ட்டே வேண்டாம், காரிலேயே இரும்புக் கொக்கி வைத்துவிடுவோம் என்று 1999இல் ஐசோஃபிக்ஸ் தரம் வந்தது. உங்கள் காரின் பின் சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள், இரண்டு கம்பி தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் காலுள்ள சீட் அதில் 'கிளிக்' என்று உட்காரும். கம்பி இல்லாத பழைய கார் என்றால் பெல்ட்டில் கட்டும் சீட். முழங்காலை அதன் மேல் ஊன்றி பெல்ட்டை இழுத்துக் கட்டவேண்டும். கட்டிய பின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது.

குழந்தையின் பட்டையைத் தோள் அருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ளுவதற்குத் துணி சிக்கினால் லூஸ். பின்னோக்கி உட்காரும்போது பட்டை தோள் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ கிளம்பவேண்டும், முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ. சீட்டின் அளவு அனுமதிக்கும் வரை பின்னோக்கியே வையுங்கள். பட்டை சீட்டை மீறி வளர்ந்தபின் பூஸ்டர், சுமார் 145 செ.மீ. உயரம் வரும் வரைக்கும். நம் பிள்ளைகள் அந்த உயரத்தைத் தொடப் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். நாக்பூர்வாசிகளுக்கு மட்டும் ஒரு விஷயம். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் அந்தப் பக்கிள் இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்கும். இறங்கும்போதே சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிடுங்கள்.

சீட் வந்து இறங்கிய அன்று அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏல, புள்ளைய இதுலயா கட்டிப் போடப் போற? அது என்ன கன்னுக்குட்டியா?" என்றாள். நான் ஆல்ட்மன், சாண்டர்ஸ் யாரையும் இழுக்கவில்லை. அதே பேப்பரைக் காட்டி, 10 கிலோ எப்படி 126 கிலோ ஆகிறது என்று சொன்னேன். சிப்பக் கணக்கில் சொன்னதும் புரிந்துகொண்டாள், அரிசி மண்டிக்காரர் மகளாயிற்றே. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அன்னைக்கு நான் முழிச்சிருந்தாலும்...?"

"இடிச்சிருந்தா யாராலயும் முடியாதும்மா. குஸ்தி பயில்வானாலயும் முடியாது."

அன்றைக்கு வெறும் பிரேக்தான், முழித்திருந்தால் பிடித்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை நான் அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை. காட்டப் போவதும் இல்லை. (இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எனக்கு அது அன்னைக்கே தெரியும்ல" என்றாள்.)

முதல் நாலு நாள் சின்னவள் அலறினாள். முதல் நாள் வீட்டிலிருந்து காய்கறி மார்க்கெட் வரைக்கும் பத்து நிமிஷம் அழுதாள், இறக்கவில்லை. அம்மா பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் பெல்ட் போட்டுக்கொண்டு, ஒரு விரலை மட்டும் குழந்தை கையில் கொடுத்திருந்தாள். ஐந்தாம் நாள் அழுகை நின்றது. இப்போது அது சின்னவளின் சிம்மாசனம், வேறு பிள்ளைகள் உட்கார்ந்தால் சண்டை.

போன வாரம் ஆபீஸில் ஓர் இளைஞர் கார் லோனுக்கு வந்தார். எட்டு மாதக் கைக்குழந்தையோடு மனைவியும் வந்திருந்தார். கொட்டேஷனில் அலாய் வீல், டச் ஸ்க்ரீன், எல்லாம் இருந்தது. "குழந்தைக்கு சீட் போடலையா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "என் பெண்டாட்டி பிடித்துக்கொள்வாள் சார்" என்றார் இந்தியில். நான் மொபைலை எடுத்து, நாலு தையலோடு இருக்கும் சின்னவளின் போட்டோவைக் காட்டினேன். வண்டி எதிலும் மோதவில்லை, வெறும் பிரேக்தான் என்றேன். அந்தப் பெண் போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கணவரிடம் மராட்டியில் ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அலாய் வீல் என்ற சொல் இரண்டு முறை வந்தது.

மறுநாள் திருத்திய கொட்டேஷனோடு வந்தார்கள். லோன் சாங்க்ஷன் ஆகிவிட்டது, முதல் இ.எம்.ஐ. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி.